ரேடியோவுக்கு வாய்ப்பூட்டு

பிரிட்டிஷ் ஆட்சியில் 1885-ம் வருஷம் இயற்றப்பட்ட இந்தியத் தந்திச் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் ஒன்று நமது பார்லிமெண்டில் நிறைவேறி, 2023-ம் வருஷம் டிசம்பர் 24-ந் தேதி ராஷ்டிரபதியின் சம்மதம் பெற்றது. 2024-ம் வருஷம் ஜூன் 26-ந் தேதி தொடங்கி அதன் பிரிவுகள் தவணை தவணையாக அமலுக்குக் கொண்டுவரப்பட்டன. தந்தி அனுப்பும் ஊழியமே 2013-ம் வருஷம் ஜூலை மாதத்தில் நின்றுபோயிற்று. தந்திச் சட்டமோ அதற்குப் பின்னும் பத்து வருஷம் உயிரோடிருந்தது. வீட்டுக் கிழவர் காலமான பின்பும் அவருடைய கைப்பிரம்பு மட்டும் எழுந்து நின்று எல்லோரையும் மிரட்டிக் கொண்டிருந்தாற்போன்ற அதிசயம் அது. அச்சட்டம் ஒழிந்ததில் நமக்கு யாதொரு வருத்தமுமில்லை. அந்நிய ஆட்சியின் அடையாளம் ஒன்றை அகற்றினோம் என்று சர்க்கார் தரப்பார் பெருமை பேசியதையும் நாம் குறை சொல்ல வரவில்லை. எதிர்க்கட்சி அங்கத்தினர் 146 பேர் இரு சபைகளிலிருந்தும் நீக்கி வைக்கப்பட்டிருந்த அந்தக் கூட்டத்தொடரில், கொண்டுவரப்பட்ட நாலாம் நாளே மசோதா இரு சபைகளையும் தாண்டிவிட்டது என்பது மட்டும் சரித்திரத்தில் பதிந்திருக்கும்.

பழைய சட்டத்தின் 4-வது பிரிவு, தந்தி அமைக்கவும் நடத்தவும் சர்க்காருக்கே ஏகபோக உரிமை என்று ஒரே வீச்சில் சொல்லிற்று. டெலிபோனும், ரேடியோவும், பின்னர் டெலிவிஷனும் அந்த ஒரு சொல்லுக்குள்ளேயே அடக்கப்பட்டன. புதிய சட்டத்தின் 4-வது பிரிவு அப்படிப் பேசவில்லை. ஆகாயத்தில் உலவும் அலைக்கற்றைக்கு மத்திய சர்க்காரே உடைமையாளர், ஆனால் மக்களின் சார்பில் உடைமையாளர் என்று அது கூறுகிறது. இந்த வாசகத்தை நாம் மனமார வரவேற்கிறோம். ஒருவர் சார்பில் ஒரு சொத்தை வைத்திருப்பவருக்குத் தர்மகர்த்தா என்று பெயர். கோயில் நிலத்தைத் தர்மகர்த்தா எப்படி நடத்துகிறார் என்று கேட்க ஊராருக்கு உரிமையுண்டு. ஆகவே, நம் சார்பில் ஆகாயத்தை வைத்திருக்கும் சர்க்கார் அதில் யாருக்கு என்ன பேச இடங்கொடுக்கிறது என்று கேட்பது நமது கடமையாகிறது.

கேட்கத் தொடங்கினால், மற்ற எதையும்விட ஒரு விஷயம் முன்னால் வந்து நிற்கிறது. இந்திய தேசத்தில் பத்திரிகையில் செய்தி போடலாம். சுமார் 900 தனியார் டெலிவிஷன் அலைவரிசைகளுக்கு அனுமதியுண்டு; அவற்றில் ஏறக்குறைய 400 செய்திக்கென்றே ஏற்பட்டவை. கையில் டெலிபோன் உள்ள எவரும் இண்டர்நெட் வழியே உலகத்துக்கே வர்த்தமானம் சொல்லலாம். ரேடியோவில் மட்டும் சர்க்கார் சார்புள்ள ஆகாசவாணியைத் தவிர வேறு யாரும் சொந்தமாகச் செய்தி சொல்லலாகாது. 1999-ம் வருஷத்துக் கொள்கைப்படி எப்.எம். ஒலிபரப்பு தனியாருக்குத் திறந்துவிடப்பட்டது. 2001-ம் வருஷம் பெங்களூரில் முதல் நிலையம் பேசத் தொடங்கிற்று. பாட்டுப் போடலாம், வேடிக்கை பேசலாம், விளம்பரம் செய்யலாம். செய்தி கூடாது என்பது அன்று முதலே விதி. 2011-ம் வருஷத்தில் சர்க்கார் சற்று மனமிரங்கி, ஆகாசவாணியின் செய்தி அறிக்கையை ஓர் எழுத்தும் மாற்றாமல் அப்படியே மறு ஒலிபரப்புச் செய்யலாம் என்று அனுமதித்தார்கள். அதாவது, இரவல் வாயால் பேசலாம். போக்குவரத்து, வானிலை, பரீட்சை முடிவு, வேலை வாய்ப்பு, தண்ணீர், மின்சாரம், இயற்கை விபத்துகள் முதலியவை பற்றிய அறிவிப்புகள் செய்தியென்று கருதப்படமாட்டா என்றும் அப்போது விளக்கம் தந்தார்கள். பள்ளிக்கூடங்களும் கிராம ஸ்தாபனங்களும் நடத்தும் சமுதாய வானொலிகளுக்கும் இதே கட்டுத்தான்.

இவ்விதியின் பொருள் யாதென்று, நம் தமிழ்நாட்டு அனுபவத்தைக் கொண்டே பார்க்கலாம். 2015-ம் வருஷம் டிசம்பர் முதல் வாரத்தில் சென்னை நகரம் அடையாற்று வெள்ளத்தில் மூழ்கிற்று. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட்டது. எந்தத் தெருவில் வெள்ளம், எந்தப் பாலம் மூடப்பட்டது என்பதை எப்.எம். நிலையம் அறிவிக்கலாம்; அது இயற்கை விபத்து பற்றிய அறிவிப்பு. ஏரி அவ்வளவு நேரம் திறக்கப்படாமலிருந்து பின்னர் ஒரேயடியாகத் திறக்கப்பட்டது ஏன், கரையோரத்தாருக்கு எச்சரிக்கை போயிற்றா என்று அதே நிலையம் கேட்டால் அது நடப்பு விவகாரம், விதிக்கு விரோதம். தண்ணீர் வருகிறது என்று கூவலாம். யார் விட்டது என்று வாய் திறக்கலாகாது!

பாம்பனில் 'கடல் ஓசை' என்ற பெயருடன் மீனவருக்கான சமுதாய வானொலி 2016-ம் வருஷம் தொடங்கப்பட்டது. அலையின் உயரம், காற்றின் வேகம், கடலின் தன்மை, மீனவர் நலத் திட்டங்கள் ஆகியவற்றை அம்மக்களின் பேச்சு வழக்கிலேயே சொல்லும் இத்தகைய முயற்சியை மெச்சாதவர் இரார். ஆனால் ராமேசுவரம் தீவில் ஒரு குடும்பத்துக்கு மிகப் பெரிய செய்தி எது? கடலுக்குப் போன படகு திரும்பவில்லை, இலங்கைக் கடற்படை பிடித்துப்போய்விட்டது என்பதுதான். எந்தப் படகு, எத்தனை பேர், எந்தத் துறைமுகத்துக்குக் கொண்டுபோனார்கள், இரு சர்க்கார்களும் என்ன பேசுகின்றன என்று கரையில் நிற்கும் பெண்கள் கேட்கும்போது, விதியின் எழுத்துப்படி நடக்கும் சமுதாய வானொலி தன் சொந்த வாயால் பதில் சொல்ல முடியாது. ஆகாசவாணி சொல்லும்வரை அது பாட்டுத்தான் போட வேண்டும். மீனவருக்கென்று ஒரு நிலையம் வைக்க இடங்கொடுத்து, மீனவருக்கு வேண்டிய செய்தியை அதில் விலக்கி வைப்பது என்ன நியாயம்?

மூன்றாவது உதாரணம் இவ்விரண்டையும்விடக் கொடியது. 2018-ம் வருஷம் மே மாதத்தில் தூத்துக்குடியில், தாமிர ஆலைக்கு எதிரான கிளர்ச்சியின்போது போலீஸார் நடத்திய துப்பாக்கிப் பிரயோகத்தில் 13 பேர் உயிரிழந்தனர். உடனே தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி ஆகிய மூன்று ஜில்லாக்களிலும் இண்டர்நெட் துண்டிக்கப்பட்டது. வதந்தி பரவாமலிருப்பதற்காக என்று காரணம் கூறப்பட்டது. வதந்திக்கு மருந்து செய்தியேயன்றி மௌனமன்று. ஊர் பதறிக் கொண்டிருக்கையில், உள்ளூர் நிலையமொன்று ஆஸ்பத்திரியிலிருந்தும் கலெக்டர் காரியாலயத்திலிருந்தும் விசாரித்து, நடந்தது இது, நடக்காதது இது என்று சொல்லியிருக்குமானால் எத்தனை பீதி அடங்கியிருக்கும்! அதற்கு இடமில்லை. கையிலிருந்த டெலிபோனைச் சர்க்கார் ஊமையாக்கினார்கள். ரேடியோவோ முன்னரே ஊமையாக்கப்பட்டிருந்தது. இண்டர்நெட்டைத் துண்டிக்கும் அதிகாரம் புதிய சட்டத்தின் 20-வது பிரிவிலும் குறையாமல் குடியேறியிருக்கிறது என்பதை இவ்விடத்தில் நினைவூட்டுகிறோம். காஷ்மீரத்தில் 2019-ம் வருஷம் ஆகஸ்ட் மாதம் நிறுத்தப்பட்ட வேகமான இண்டர்நெட் 2021-ம் வருஷம் பிப்ரவரி மாதத்தில்தான் முழுதும் திரும்பி வந்தது.

இப்பூட்டு எங்கே செய்யப்பட்டதென்று ஆராய்ந்தால், சங்கதி தெளிவாகும். நம் நாட்டில் ரேடியோ சர்க்கார் பிள்ளையாகப் பிறக்கவில்லை. 1924-ம் வருஷம் சென்னை ராஜதானி ரேடியோ சங்கம் என்ற பெயரால் சில அன்பர்கள் கூடித்தான் இங்கே ஒலிபரப்பைத் தொடங்கினார்கள். பொருள் முட்டுப்பட்டு 1927-ம் வருஷம் அது நின்றபோது, தன் கருவியைச் சென்னை கார்ப்பொரேஷனுக்கு அளித்தது. 1930-ம் வருஷம் ஏப்ரல் மாதம் முதல் கார்ப்பொரேஷனே ஒலிபரப்பு நடத்திற்று. கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்து, கருவி வாங்க இயலாத ஜனங்களும் கேட்கச் செய்தது. ஒரு நகரசபை தன் ஊராருக்காகத் தானே ரேடியோ நடத்திய காலம் ஒன்று இந்நகரில் இருந்தது என்பதைச் சொன்னால் இன்று நம்புவார் எத்தனை பேர்! 1938-ம் வருஷம் ஜூன் மாதம் அகில இந்திய ரேடியோவின் சென்னை நிலையம் ஏற்பட்டதும் அந்த ஏற்பாடு முடிவடைந்தது. அதற்குள் 1933-ம் வருஷத்துக் கம்பியில்லாத் தந்திச் சட்டம் வந்து, லைசென்ஸ் இல்லாமல் ரேடியோக் கருவி வைத்திருப்பதே குற்றம் என்றாகிவிட்டிருந்தது.

அந்நிய ஆட்சியார் ரேடியோவைக் கண்டு அஞ்சியதற்குக் காரணம் இருந்தது. பத்திரிகையைப் படிக்க எழுத்தறிவு வேண்டும். ரேடியோவைக் கேட்கக் காது போதும். 1942-ம் வருஷம் ஆகஸ்ட் புரட்சியில் தலைவர்களெல்லாம் சிறையிலிருந்த சமயம், பம்பாயில் 22 வயதான உஷா மேத்தாவும் அவருடைய தோழர்களும் 42.34 மீட்டரில் காங்கிரஸ் ரேடியோவை ரகசியமாக நடத்தினார்கள். இடம் மாற்றி இடம் மாற்றி, போலீஸார் கண்ணில் மண்ணைத் தூவிக்கொண்டு அவர்கள் ஒலிபரப்பியது முக்கியமாக என்ன? பாட்டன்று, வேடிக்கையன்று, செய்தி. ஜாம்ஷெட்பூர் வேலைநிறுத்தமும் பாலியா சம்பவங்களும் தணிக்கைக்குட்பட்ட பத்திரிகைகளில் வர முடியாதபோது ஆகாய வழியே வந்தன. நவம்பர் 12-ந் தேதி போலீஸார் புகுந்து பிடித்தனர். உஷா மேத்தாவுக்கு நாலு வருஷச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அந்த அம்மையாரைச் சுதந்திர பாரதம் பின்னர் பத்ம விபூஷண் விருதளித்துக் கௌரவித்தது. அவர் செய்ததை, அதாவது லைசென்ஸ் இல்லாமலன்று, லைசென்ஸ் பெற்றே ரேடியோவில் சொந்தச் செய்தி சொல்வதை, அதே சுதந்திர பாரதம் இன்றளவும் அனுமதிக்கவில்லை.

சுயராஜ்யம் வந்ததும் பூட்டைக் கழற்றியிருக்க வேண்டும். கழற்றவில்லை, சாவி கை மாறிற்று, அவ்வளவே. இதில் எந்தக் கட்சியையும் தனியாகக் குறிப்பிட்டுப் பயனில்லை. வந்த சர்க்கார் ஒவ்வொன்றும் எதிர்க்கட்சியாக இருந்த காலத்தில் ரேடியோவின் சுதந்திரத்தைப் பேசி, ஆசனத்தில் அமர்ந்ததும் அதை மறந்திருக்கிறது. 1966-ம் வருஷம் சந்தா கமிட்டி தன்னாட்சி வேண்டுமென்றது. 1975-ம் வருஷத்து அவசரநிலையில் பத்திரிகைகளின் தலைமேல் தணிக்கை அதிகாரிகளை உட்கார வைக்க வேண்டியிருந்தது. ரேடியோவுக்கு அந்தச் சிரமமே ஏற்படவில்லை. அதைக் கண்டு திகைத்த பின்னரே 1978-ம் வருஷம் வர்கீஸ் கமிட்டி மறுபடியும் தன்னாட்சி வேண்டுமென்றது. 1990-ம் வருஷம் பிரஸார் பாரதி சட்டம் நிறைவேறிற்று. அது அமலுக்கு வர மேலும் ஏழு வருஷம் பிடித்தது. வந்த பின்பும் அந்த ஸ்தாபனம் சர்க்கார் மானியத்தையே பெரிதும் நம்பி நிற்கிறது.

சட்டசபைகள் தயங்கியதை நீதிஸ்தலம் சொல்லிற்று. வங்காளத்துக் கிரிக்கெட் சங்க வழக்கில் 1995-ம் வருஷம் பிப்ரவரி 9-ந் தேதி சுப்ரீம் கோர்ட் அளித்த தீர்ப்பை நம் வாசகர்களிற் பலர் அறிந்திருப்பார்கள். ஒரு பந்தாட்டத்தை யார் ஒளிபரப்புவது என்ற தகராறில் பிறந்து, ஆகாய அலைகள் பொதுச் சொத்து என்ற பெரிய கொள்கையில் முடிந்த தீர்ப்பு அது. ஒலிபரப்பில் சர்க்காரின் ஏகபோகமும் ஆகாது, பணக்காரர் சிலரின் ஏகபோகமும் ஆகாது. சமூகத்தின் எல்லாத் தரப்பையும் பிரதிபலிக்கும் சுயேச்சையான பொது அதிகார ஸ்தாபனம் ஒன்றைச் சர்க்கார் உடனே ஏற்படுத்த வேண்டும் என்று நீதிபதிகள் கட்டளையிட்டார்கள். உடனே என்ற சொல் அத்தீர்ப்பில் இருக்கிறது. அதற்குப் பின் 1997-ம் வருஷத்து ஒலிபரப்பு மசோதா வந்து மடிந்தது. 2001-ம் வருஷத்து மசோதாவும் அவ்வாறே மடிந்தது. 2023-ம் வருஷம் நவம்பர் மாதம் புதிய ஒலிபரப்பு மசோதாவின் நகல் வெளியாகி, அடுத்த வருஷம் அது திருத்தப்பட்டு, இண்டர்நெட்டில் தனித்துச் செய்தி கூறுவோர் மீதும் கை வைக்கப் பார்க்கிறது என்ற கூக்குரல் எழுந்து, ஆகஸ்ட் மாதத்தில் அந்நகல் வாபஸ் பெறப்பட்டது. பேசுகிறவன் வாய்க்குக் கடிவாளம் தேடும் சுறுசுறுப்பில் பத்தில் ஒரு பங்கேனும், பேச முடியாதவன் வாய்க்கட்டை அவிழ்ப்பதில் காட்டப்பட்டதாகத் தெரியவில்லை.

செய்தியைத் தடுத்தால் ஜனங்கள் செய்தியின்றி இருந்துவிடுவார்கள் என்று எண்ணுவது பேதைமை. 1950-களில் ஆகாசவாணியை நிர்வகித்த மந்திரி கேஸ்கர் சினிமாப் பாட்டு வேண்டாமென்று ஒதுக்கியதும் நேயர்கள் முள்ளைத் திருப்பி ரேடியோ சிலோனைக் கேட்டார்கள். மன்னாருக்கு அப்பாலிருந்து வந்த தமிழ் ஒலிபரப்பைத் தமிழ்நாட்டு டீக்கடைகளெல்லாம் கேட்டன. 1957-ம் வருஷம் விவித பாரதியைத் தொடங்கித்தான் போனவர்களைத் திரும்ப அழைக்க வேண்டியிருந்தது. பாட்டுக்கே இப்படியென்றால் செய்திக்குச் சொல்லவும் வேண்டுமோ? 1984-ம் வருஷம் அக்டோபர் 31-ந் தேதி காலையில் பிரதமர் இந்திரா காந்தி சுடப்பட்டார். அவர் மரணமடைந்த செய்தியை லண்டன் பி.பி.சி. பகலிலேயே உலகுக்குச் சொல்லிற்று. டில்லி ஆகாசவாணி மாலையில்தான் சொல்லிற்று. அவருடைய குமாரரே வங்காளத்துச் சுற்றுப்பயணத்தில் பி.பி.சி.யைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. ஈழத்தில் யுத்தம் நடந்த காலமெல்லாம், நடந்ததை அறிய விரும்பிய தமிழர்கள் இரவில் சிற்றலையைத் திருப்பி லண்டன் தமிழோசைக்காகக் காத்திருந்ததை அறியாதார் யார்? அந்த ரேடியோ ஒலிபரப்பும் 2017-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தோடு நின்றுபோயிற்று. நம் தேசத்துச் செய்தியை நம் தேசத்தார் கேட்க அந்நிய தேசத்து ரேடியோவை நாட வைப்பது எந்தவிதமான தேச பக்தி என்று நமக்கு விளங்கவில்லை.

சர்க்கார் தரப்பில் சொல்லப்படும் நியாயங்களை நாம் புறக்கணிக்கவில்லை. இத்தடையை எதிர்த்து 2013-ம் வருஷம் சுப்ரீம் கோர்ட்டில் வழக்குத் தொடரப்பட்டது. அதில் சர்க்கார் கூறிய சமாதானம், இத்தனை நிலையங்களின் செய்திகளையும் கண்காணிக்க ஏற்பாடில்லை, தேசத்துக்கு விரோதமானவர்கள் இதைப் பயன்படுத்திக் கொள்ளலாம் என்பது. 113 நகரங்களில் இயங்கும் தனியார் எப்.எம். நிலையங்கள் 388, சமுதாய வானொலிகள் சுமார் 500. இத்தொகையைக் கண்காணிக்க முடியாதென்றால், 400 செய்தி டெலிவிஷன்களையும், பல்லாயிரம் பத்திரிகைகளையும், எண்ணிக்கையற்ற இண்டர்நெட் பேச்சாளர்களையும் எப்படி உலவ விட்டிருக்கிறார்கள்? சமுதாய வானொலியின் சக்தி மிகச் சிறியது. ஓர் ஊரும் அதைச் சுற்றிய சில கிராமங்களுமே அதன் எல்லை. நிலையம் எங்கே இருக்கிறது, யார் நடத்துகிறார்கள் என்பது லைசென்ஸ் கொடுத்த சர்க்காருக்கே தெரியும். பெயரும் முகவரியும் தெரிந்தவனைக் கண்டு அஞ்சி, முகமூடி போட்டவனை உலவ விடுவது விநோதமான ஜாக்கிரதை.

இன்னொரு ஆட்சேபத்தில் உண்மையிருக்கிறது. ருவாண்டா தேசத்தில் 1994-ம் வருஷம் ஒரு தனியார் ரேடியோ ஜாதித் துவேஷத்தைப் பரப்பிப் பெருங்கொலைக்குத் தூபம் போட்டது. குரலுக்கு எழுத்தைவிட வேகம் அதிகம், தீமைக்கும் அப்படியே. ஆனால் அந்த ரேடியோ யாருடையது என்று பார்க்க வேண்டும். ஆட்சிக் கூட்டத்தைச் சேர்ந்தவர்களே அதன் பின்னால் நின்றார்கள். பல குரல்கள் பேசியதால் அங்கே கேடு வரவில்லை. அதிகாரத்தின் குரலுக்கு மறுகுரல் இல்லாமற் போனதாற் கேடு பெருகிற்று. நம் நாட்டில் துவேஷத்தைத் தூண்டுவோரைத் தண்டிக்கச் சட்டமிருக்கிறது. குற்றம் செய்த நிலையத்தின் லைசென்ஸை விசாரித்து ரத்துச் செய்யலாம். குற்றம் நேரலாம் என்று எண்ணி எல்லோருக்கும் முன்கூட்டியே தண்டனை விதிப்பது எந்தத் தர்ம சாஸ்திரத்திலும் இல்லை.

நமக்கே உள்ள கவலை வேறொன்று. எப்.எம். நிலையங்கள் பெரும்பாலும் பெருமுதலாளிகள் கையில் இருக்கின்றன. பத்திரிகையும் டெலிவிஷனும் வைத்திருப்போரே ரேடியோவும் வைத்திருக்கிறார்கள். அரசியற் கட்சிகளோடு உறவுடையோரும் உண்டு. செய்தி உரிமை வந்தால், ஏற்கனவே உரக்கப் பேசுகிறவர்களுக்கு இன்னுமொரு வாய் கிடைத்ததாக முடியலாம். இதற்காகத்தான் 1995-ம் வருஷத் தீர்ப்புக் கேட்ட பொது ஸ்தாபனம் அவசியமாகிறது. இதற்காகவே, உரிமையை முதலில் சமுதாய வானொலிகளுக்குக் கொடுக்க வேண்டுமென்கிறோம். 2004-ம் வருஷம் பிப்ரவரி மாதம் அண்ணா சர்வகலாசாலையில் தேசத்தின் முதல் சமுதாய வானொலி தோன்றியது நம் நகரத்துக்குப் பெருமை. 2008-ம் வருஷம் மேதக் ஜில்லாவில் ஹரிஜன ஸ்திரீகளே நடத்தும் 'சங்கம் ரேடியோ' வந்தது. விதையையும் மழையையும் பற்றி அழகாகப் பேசத் தெரிந்த அந்தப் பெண்களுக்கு, தங்கள் ஊரில் கூலி ஏன் கொடுபடவில்லை, ரேஷன் கடை ஏன் பூட்டியிருக்கிறது என்று சொல்ல மட்டும் தெரியாதா?

நேபாளத்தைப் பார்க்கலாம். தென்னாசியாவிலேயே முதன்முதலாகச் சர்க்கார் சார்பற்ற சமுதாய வானொலி 1997-ம் வருஷம் காட்மாண்டுவில்தான் தொடங்கிற்று. 2005-ம் வருஷம் பிப்ரவரியில் மன்னர் ஞானேந்திரர் அதிகாரத்தைத் தம் கையில் எடுத்துக்கொண்டபோது அவர் முதலில் தடுத்தவற்றுள் எப்.எம். செய்தியும் ஒன்று. மறு வருஷத்து ஜனக் கிளர்ச்சிக்குப் பின் அந்தத் தடை போயிற்று; பிற்பாடு மன்னராட்சியும் போயிற்று. இலங்கையிலோ தனியார் தமிழ் ரேடியோக்கள் 1990-களின் கடைசி முதல் செய்தி சொல்லி வருகின்றன. நம்மைவிடச் சிறிய, நம்மைவிட அதிகம் அல்லற்பட்ட தேசங்கள் இவை.

டெலிபோன் வந்த பின் ரேடியோ யாருக்கு வேண்டும் என்று கேட்பாருமுளர். 2018-ம் வருஷம் நவம்பர் 16-ந் தேதி கஜா புயல் அடித்தபோது டெல்டா ஜில்லாக்களில் லட்சத்துக்கு மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. மின்சாரம் இல்லை, டெலிபோன் கோபுரங்கள் செத்துக் கிடந்தன. இரண்டு பேட்டரிக் கட்டையில் பேசும் ரேடியோவின் அருமை அப்போது தெரிந்தது. சர்க்காருக்கும் இது தெரியாததன்று. விபத்துக் காலத்தில் உதவுமென்று கூறி, டெலிபோன்களில் எப்.எம். கேட்கும் வசதியை அடைத்து வைக்கக் கூடாதென 2023-ம் வருஷம் கருவி செய்வோருக்கு அவர்களே யோசனை கூறினார்கள். கேட்கும் கருவி வேண்டும், கேட்பதற்குச் செய்தி வேண்டாம் என்பதுதான் கொள்கை போலும்.

சர்க்கார் நியமித்த தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமே இத்தடையைத் தளர்த்தும்படி இருமுறை கூறியிருக்கிறது. 2008-ம் வருஷம், அங்கீகாரம் பெற்ற செய்தி ஏஜென்சிகளிடமிருந்தும் டெலிவிஷன்களிலிருந்தும் செய்தி எடுத்துச் சொல்லலாம் என்றது. சர்க்கார் அதில் ஆகாசவாணியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வெட்டினார்கள். 2023-ம் வருஷம் செப்டம்பர் 5-ந் தேதி, தனியார் எப்.எம். நிலையங்கள் மணிக்குப் பத்து நிமிஷம் சொந்தமாகச் செய்தியும் நடப்பு விவகாரமும் ஒலிபரப்பலாம் என்று சிபார்சு செய்தது. பத்து நிமிஷக் கணக்கு நமக்குப் பிடிக்கவில்லை. பாட்டுக்கும் விளம்பரத்துக்கும் ஐம்பது நிமிஷம், செய்திக்குப் பத்து என்று ஓர் ஆணையம் அளந்து கொடுப்பது விசித்திரம். ஆயினும், ஒன்றுமில்லாத இடத்தில் பத்து நிமிஷம் பெரிது. அதை உடனே ஏற்றுக்கொண்டு, சமுதாய வானொலிகளுக்கும் அதே உரிமையை நிமிஷக் கணக்கில்லாமல் வழங்க வேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.

2024-ம் வருஷம் ஆகஸ்ட் 28-ந் தேதி மத்திய மந்திரிசபை, 234 புதிய நகரங்களில் 730 எப்.எம். அலைவரிசைகளை ஏலம் விடுவதென்று தீர்மானித்தது. தாய்மொழியில் உள்ளூர் விஷயங்கள் வளர்வதற்காக என்று அதற்குக் காரணமும் வெளியிட்டார்கள். தமிழ்நாட்டு ஊர்களும் அந்த ஜாபிதாவில் இருக்கின்றன. உள்ளூர் விஷயம் என்றால் சர்க்கார் எதைக் கருதுகிறார்கள்? முனிசிபாலிடியில் நேற்று நடந்த கூட்டமும், மார்க்கெட்டில் இடிந்த கட்டடமும், ஆற்றில் அள்ளப்படும் மணலும் உள்ளூர் விஷயமா, அல்லவா? லோகசபையில் நம் தமிழ்நாட்டின் அங்கத்தினர் 39 பேர், ராஜ்யசபையில் 18 பேர். புதிய சட்டத்தின்கீழ் ஒலிபரப்புக்கு என்னென்ன நிபந்தனைகள் விதிக்கப்படுமென்று ஒலிபரப்பு மந்திரியைக் கேட்க அவர்களுக்குக் கேள்வி நேரம் இருக்கிறது. 2023-ம் வருஷத்துச் சிபார்சின்மீது சர்க்காரின் முடிவென்ன, எந்தத் தேதியில் அது உத்தரவாகும் என்ற இரண்டு கேள்விகளையும், கட்சிப் பேதமின்றி ஒருவரேனும் எழுந்து கேட்டு, எழுத்து மூலம் பதில் பெற்று வெளியிடும்படி வேண்டுகிறோம்.